அலைக் கணக்கைத் துண்டு போட்டுத் தீர்க்க எந்த இலவச மென்பொருள்?

கேள்வி: வாசகர், 2025 ஜூன் 7

அண்ணா, நாகர்கோவில் பக்கம் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். நம்ம மாவட்டத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றுக்குள் அலை எப்படிப் பரவுகிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு (ஒரே அலைவெண்ணில் ஆடும் அலைக்கானது) வைத்துப் பார்க்கிறேன். பரப்பு 3 கிலோமீட்டருக்கு 2. நீண்ட அலை கொடுத்தால் விடை வருகிறது. 8 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை கொடுத்தால், சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் ஜிஎம்ரெஸ் முறை ஆயிரம் சுற்று ஓடியும் பிழை இறங்கவில்லை. பரப்பைத் துண்டுகளாகப் பிரித்துத் தீர்க்கும் திறமூல மென்பொருள் உண்டாமே, எதை எடுக்கலாம்? மடிக்கணினி 16 ஜிபி. காசு கிடையாது.

ஜூன் 7, இரவு 10.50

ஃப்ரீஃபெம் எடுங்கள் தம்பி. பாரிஸில் ஃப்ரெடரிக் ஹெக்ட் குழு வளர்த்தது. சமன்பாட்டைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுதலாம். அதற்குள் எஃப்எஃப்டிடிஎம் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, துண்டு போடும் வேலை முழுக்க அதன் தலையில். வேண்டுமென்றால் ஜொலிவே, நாதாஃப் இருவரும் எழுதிய ஹெச்பிடிடிஎம் தொகுப்பையும் அதற்குள்ளிருந்தே ஓட்டலாம்.

இன்னொரு வழி ஜிமெஷ், கெட்டிபி ஜோடி. முன்னது பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வலை போடும், பின்னது சமன்பாட்டைத் தீர்க்கும். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகத்துச் சரக்கு. அதன் மேல் கட்டிய கெட்டிடிடிஎம் 2016இல் கட்டுரையாக வந்தது. துண்டுகளுக்கு நடுவே எந்த நிபந்தனை வைத்தால் எத்தனை சுற்றில் முடிகிறது என்று சோதிப்பதற்கே செய்த கருவி அது. எல்லாம் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

உங்கள் ஜிஎம்ரெஸ் ஏன் திணறுகிறது என்பதை நாளை எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.

ஜூன் 8, காலை

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அணி நேர்க்குறி, எதிர்க்குறி இரண்டு வகை ஐகன் மதிப்புகளும் (அணியின் தன்மையைச் சொல்லும் எண்கள்) கலந்தது. வெப்பக் கணக்குக்குப் பழகிய முன்செயலிகள் (ஜிஎம்ரெஸ் சீக்கிரம் முடிய அணியை முன்கூட்டிப் பதப்படுத்துகிறவை) இங்கே வந்தால் கைகாலை விரித்துவிடும். அலைநீளம் குறையக் குறைய இன்னும் மோசம். உங்கள் நிரலில் தவறு இருக்கும் என்று தோன்றவில்லை.

துண்டு போடும் யோசனை பழையது. 1870இல் ஹெர்மன் ஸ்வார்ட்ஸ் என்ற கணிதவியலாளர் ஒரு வட்டத்தையும் செவ்வகத்தையும் ஒன்றோடொன்று மேற்படிய வைத்து, இதைத் தீர், அந்த விடையை அதன் எல்லையில் வை, அதைத் தீர், திரும்ப இங்கே வா என்று மாறி மாறிப் போனார். கணினி ஏது அப்போது! விடை என்று ஒன்று இருக்கிறது என நிரூபிக்கவே அப்படிச் செய்தார்.

அதை அப்படியே அலைக்குக் கொண்டுவந்தால் வேலை செய்யாது. ஏன் என்று எனக்குப் புத்தகம் படித்துப் புரியவில்லை. சித்தப்பாவோடு வள்ளத்தில் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) தாண்டியபோது புரிந்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதம். வெளியிலிருந்து வரும் அலை ஒன்று, கல்லுக்கட்டில் மோதித் திரும்பும் அலை ஒன்று, இரண்டும் கூடும் இடத்தில் வள்ளம் எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது. "லேய் மக்கா, கல்லுல அடிச்ச அலை எங்க போவும்? திரும்பி நம்ம மேலதான் வரும். மணலா இருந்தா குடிச்சிரும்" என்றார்.

கணக்கிலும் இதேதான். கடலை நாம் காகிதத்தில் வெட்டுகிறோம், உண்மையில் அங்கே எதுவும் இல்லை. ஆனால் வெட்டிய கோட்டில் ஸ்வார்ட்ஸ் சொன்னபடி விடையின் மதிப்பை மட்டும் கட்டி வைத்தால் அது சுவர் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அலை சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே கிடக்கும். எத்தனை சுற்று போனாலும் அடங்காது. 1990களின் தொடக்கத்தில் ப்ரூனோ தெப்ரே என்ற கணிதவியலாளர் இதை மாற்றினார். வெட்டுக்கோட்டில் மதிப்பையும் சரிவையும் (கோட்டுக்குக் குறுக்கே மதிப்பு மாறும் வீதம்) கலந்து ஒரு நிபந்தனை வைத்தார். நேராக வரும் அலையைக் கோடு குடித்துவிடும். குடித்ததைப் பக்கத்துத் துண்டுக்குக் கொடுத்துவிடும். வெட்டுக்கோடு மணல் கரை ஆகிவிடுகிறது.

இதில் துண்டுகள் மேற்படியவே வேண்டாம். ஒட்டி நின்றாலே போதும்.

ஜூன் 8, மதியம்

ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துக்கொண்டார்: "சுவர் என்றால் சரிவு பூச்சியம். மதிப்பைக் கட்டுவது சுவர் இல்லையே?" சரிதான். மதிப்பைக் கட்டினாலும் அலை முழுசாகத் திரும்பும், தலைகீழாகத் திரும்பும், அவ்வளவுதான் வித்தியாசம். படகில் இருக்கிறவனுக்கு இரண்டும் ஒரே உதைதான். ஆனாலும் கணக்கில் அது வேறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 11

ஜூன் 8 காலைப் பதிவின் கடைசியில் "மேற்படியவே வேண்டாம்" என்று எழுதியதைத் திருத்த வேண்டும். தெப்ரே முறை மேற்படிவு இல்லாமலும் தீர்வுக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வேகத்தில்? பரவும் அலையை நன்றாகக் குடிக்கும். பரவாமல் இருந்த இடத்திலேயே தேய்ந்து மடியும் வகை ஒன்று இருக்கிறது, அலைத்தடுப்புச் சுவரின் முனையைச் சுற்றி அதுதான் நிறைய. அந்த வகையை நிபந்தனை அசைப்பதே இல்லை. சுற்றுக்குச் சுற்று அப்படியே நிற்கும். ஜிஎம்ரெஸ் மேலே உட்கார்ந்து இழுத்துப் போகும், ஆனால் மெதுவாக.

கொஞ்சம் மேற்படிவு கொடுத்தால் தேயும் வகை அந்தப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே இரண்டும் வேண்டும்: எல்லையில் மணல், நடுவில் பட்டை. எஃப்எஃப்டிடிஎம்மில் இதற்குப் பெயர் ஓராஸ். எதுவும் சொல்லாவிட்டால் அது ராஸ் முறையை எடுத்துக்கொள்ளும், அது பழைய ஸ்வார்ட்ஸின் பேரன், அலைக்கு ஆகாது. பலர் இதைக் கவனிக்காமல் "மென்பொருள் சரியில்லை" என்று போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. விடையைத் தேடும் சார்பு வெளியை மென்பொருளில் உருவாக்கும்போது எண் வகையைக் கலப்பெண் என்று சொல்ல வேண்டும். மெய்யெண் என்று விட்டால் மணல் நிபந்தனையை எழுதவே முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

"மாற்றிவிட்டேன் அண்ணா, இப்போது பிழை ஏறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பிளஸ் மைனஸைப் பாருங்கள்.

என் கதை: பல வருடம் முன்பு, இரண்டு வாரம் தூக்கம் இல்லை. கடல் பக்க எல்லையை ஒரு கட்டுரை பார்த்து எழுதினேன், துண்டு எல்லையை ஓர் எடுத்துக்காட்டு நிரலிலிருந்து ஒட்டினேன். முதல் ஆள், அலை ஆடுவதைக் காட்டும் அடுக்கில் நேரத்தை மைனஸ் குறியோடு எழுதுகிறவர். இரண்டாவது ஆள் பிளஸ். விளைவு, ஒரு கோடு அலையைக் குடிக்கிறது, பக்கத்துக் கோடு அலையைக் கக்குகிறது. கணினி அறையில் இருந்தவர் "உன் கணக்கு கடலை உற்பத்தி செய்கிறது" என்றார். அதே வாரம் கல்லூரிச் சர்வரில் என் வேலை அதிக நேரம் ஓடுகிறது என்று கணக்கையே முடக்கினார்கள். நல்லதாகப் போயிற்று, தாளில் எழுதிப் பார்க்க நேரம் கிடைத்தது.

விதி சின்னதுதான். நேரக்குறி மைனஸ் என்றால் குடிக்கும் எல்லையிலும் மைனஸ், பிளஸ் என்றால் பிளஸ். எங்கும் ஒன்றாக வையுங்கள்.

ஜூன் 15, மறுபடி

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, திரை அப்படியே நிற்கிறது என்றால் அது வேறு. நீங்களே செய்தி பரிமாற்றம் எழுதியிருந்தால் இரண்டு செயலிகள் ஒன்றுக்கொன்று "நீ முதலில் அனுப்பு" என்று காத்து நிற்கும். குறுகலான ரோட்டில் எதிரும் புதிரும் வந்த இரண்டு பஸ் மாதிரி. இரண்டு கண்டக்டரும் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பையே நம்புங்கள், சொந்தமாக எழுதாதீர்கள்.

ஜூன் 22

விடை வந்துவிட்டது, ஆனால் பரப்பின் மேல் போட்ட கணக்கு வலையை இன்னும் பொடிதாக்கினால் அலையின் உச்சங்கள் இடம் மாறுகின்றன என்கிறீர்கள். இது தீர்க்கும் முறையின் குற்றம் இல்லை. தீர்க்கக் கொடுத்த கணக்கின் குற்றம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 விநாடி அலை, 5 மீட்டர் ஆழம்: அலைநீளம் சுமார் 53 மீட்டர். "அலைக்குப் பத்துப் புள்ளி" என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் அப்படித்தான் 5.3 மீட்டர் வலை போட்டிருப்பீர்கள். நேர்கோட்டு உறுப்பில் (வலையின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விடையை நேர்கோடாக எடுப்பது) ஒரு பரிமாணத்தில் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஏறத்தாழ 1.6 விழுக்காடு கட்டப் பிழை வரும், அதாவது அலை அந்த அளவு இடம் நகரும். கையால் போட்டே பார்க்கலாம்: அலை எண்ணையும் (2π வகுத்தல் அலைநீளம்) வலை அளவையும் பெருக்கி, அதன் வர்க்கத்தை 24ஆல் வகுத்தால் போதும். ஒரு அலைக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் 3 கிலோமீட்டரில் 57 அலை இருக்கிறது. பிழை கூடிக்கொண்டே போய்க் கடைசியில் கிட்டத்தட்ட ஒரு முழு அலை நகர்ந்துவிடும். பாதி வழியிலேயே முகட்டில் இருக்க வேண்டிய இடம் பள்ளத்தில் இருக்கும்.

நீண்ட அலைக்கு மட்டும் ஏன் எல்லாம் ஒழுங்காக வந்தது என்பதும் இதனால்தான். கள்ளக்கடல் (தூரத்துப் புயலால் கடல் பொங்குவது) நாட்களில் வருகிற 15 விநாடி அலைக்கு 8 மீட்டர் ஆழத்தில் நீளம் சுமார் 130 மீட்டர். அதே 3 கிலோமீட்டரில் 23 அலைதான், உங்கள் வலையும் அதற்கு அலைக்கு இருபதுக்கு மேல் புள்ளி கொடுத்துவிடுகிறது.

இதற்கு மாசு விளைவு என்று பெயர். இரண்டு, மூன்று பரிமாணத்தில் இதை முழுசாக ஒழிக்க முடியாது என்று பாபுஷ்கா, சௌட்டர் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1990களில் காட்டிவிட்டார்கள். குறைக்கலாம். இருபடி, முப்படி உறுப்புக்கு மாறுங்கள். ஃப்ரீஃபெமில் ஒரு சொல்லை மாற்றுகிற வேலை.

ஜூன் 23, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதை வைத்து இன்னொரு கணக்குப் போட்டேன். போட்டபிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பரப்பு 60 லட்சம் சதுர மீட்டர். 5.3 மீட்டர் வலை என்றால் சுமார் இரண்டரை லட்சம் புள்ளி. இருபடி உறுப்பு என்றால் பத்து லட்சம் மாறிகள். இரு பரிமாணம்! மம்ப்ஸ் என்ற நேரடித் தீர்ப்பான், சுற்றுப் போடாமல் ஒரே மூச்சில் தீர்ப்பது, ஃப்ரீஃபெமோடேயே வருகிறது. இரண்டரை லட்சத்தை ஒன்றிரண்டு ஜிபிக்குள் முடித்துவிடும். பத்து லட்சமும் உங்கள் 16 ஜிபியில் அடங்கும். துண்டும் வேண்டாம், மணலும் வேண்டாம், ஜிஎம்ரெஸும் வேண்டாம். ஒரே வரி.

முதல் நாளே "எவ்வளவு பெரியது?" என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். பரப்பளவு கேள்வியிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த கருவியைச் சொல்லும் ஆசையில் பாய்ந்துவிட்டேன்.

துண்டு போடும் முறை எங்கே கட்டாயம் ஆகிறது என்றால் முப்பரிமாணத்தில். இரு பரிமாணத்தில் அலைவெண்ணை இரட்டித்தால் மாறிகள் நான்கு மடங்கு, நேரடித் தீர்ப்பானின் வேலை எட்டு மடங்கு. தாங்கலாம். முப்பரிமாணத்தில் மாறிகள் எட்டு மடங்கு, நினைவகம் பதினாறு மடங்கு, வேலை அறுபத்துநான்கு மடங்கு. அங்கே நேரடித் தீர்ப்பான் மூச்சுத் திணறும். நிலநடுக்க ஆய்வுக்காரர்கள், கடலடி ஒலிக்காரர்கள், ஆன்டெனாக்காரர்கள் எல்லாம் இதனால்தான் துண்டு போடுகிறார்கள். துண்டுக்குள் மட்டும் மம்ப்ஸ், துண்டுகளுக்கு நடுவே ஓராஸ்.

ஜூன் 23, இரவு

"அப்போ இரண்டு வாரம் என்னை ஏன் சுற்றவைத்தீர்கள்?" நியாயமான கேள்வி. அடுத்த முறை சந்திக்கும்போது பழம்பொரி என் செலவு.

ஆனால் ஒன்று. நேரடி விடை உங்களிடம் இருக்கிறது இப்போது. துண்டு போட்டு வந்த விடையை அதோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்தால் குறி, வகை எல்லாம் சரி என்று தெரியும். முப்பரிமாணத்தில் அந்த வசதி கிடைக்காது.

ஜூன் 29

ஆழத் தரவு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு "ஜெப்கோ" என்றீர்கள். தம்பி, அது உலகக் கடல் முழுவதற்குமான ஆழத் தரவு, 15 வினாடிக் கோண வலை. நம்ம அகலாங்கில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 450 மீட்டர். துறைமுகமே இரண்டு கட்டத்துக்குள் முடிந்துவிடும்! 5 மீட்டர் வலையில் 450 மீட்டருக்கு ஒரு ஆழ அளவு. பட்டுச் சட்டையில் சாக்கு ஒட்டுப்போட்ட கதை.

நான் எடுத்த விதம்: மார்ச் மாதம், கடல் குளம் மாதிரி கிடக்கும்போது, சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்தில் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸும் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போனேன். மூன்று காலை. அவர் மெஷினை நம்பவில்லை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிப் பாகம் போட்டு அளந்துகொண்டே வந்தார். மெஷின் 7.4 மீட்டர் என்றால் அவர் "நாலு பாகம், சாடை கூட" என்பார். ஒரு பாகம் 1.83 மீட்டர் என்று நான் மாற்றிப் பார்த்தால் எல்லா இடத்திலும் அவர் கணக்கு கொஞ்சம் கூடுதலாக வந்தது. மெஷின் பழுது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவர் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி டேப் பிடித்தேன். 1.74. பாகம் என்பது அவரவர் கை விரிப்பு, ஆங்கிலேயன் அளவு இல்லை. திரும்பப் பெருக்கியபிறகு இரண்டும் ஒட்டிவந்தன.

ஓதத்தைக் கழிக்க மறக்காதீர்கள். நம்ம கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும் 3 மீட்டர் ஆழத்தில் அது பெரிய விஷயம்.

ஆழம் மாறுகிற இடத்தில் வெறும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் பெர்கோஃப் எழுதிய மென்சரிவுச் சமன்பாட்டை எடுங்கள். உருவம் அதேதான், அலையின் வேகமும் குழுவேகமும் (அலைக்கூட்டம் நகரும் வேகம்) பெருக்கலாக உள்ளே வரும். தீர்ப்பான் பக்கம் எதுவும் மாறாது.

ஜூலை 6

வேறொருவர் கேட்டது: "நான் செய்வது முப்பரிமாண ஒலி. 8 துண்டில் நன்றாக ஓடுகிறது, 64 துண்டு ஆக்கினால் சுற்று எண்ணிக்கை எகிறுகிறது. செயலி கூடினால் வேகம் கூட வேண்டாமா?"

கூடாது, இந்த முறையில். ஒரு சுற்றில் செய்தி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். இரயுமன்துறையில் சொன்னது குளச்சலுக்கு ஊர் ஊராகக் கைமாறிப் போகிற மாதிரி. துண்டு கூடினால் ஊர் கூடுகிறது. இதற்கு மருந்து இரண்டாம் அடுக்கு: முழுப் பரப்புக்கும் ஒரு சின்னக் கணக்கை நடுவில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் துண்டும் அதில் பேசிக்கொள்வது. கோயில் மைக்கில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சொல்வது போல. எஃப்எஃப்டிடிஎம்மில் இதற்கும் இடம் இருக்கிறது.

ஆனால் அலையில் ஒரு வில்லங்கம். வெப்பக் கணக்கில் அந்த நடுக் கணக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உதவும். அலையில் நடு வலையும் அலையைப் பின்தொடரும் அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் தப்பான செய்திதான் போகும். ஆகவே நடுக் கணக்கே பெரிதாகிவிடும். அதையும் துண்டு போட்டுத் தீர்க்கிறவர்கள் உண்டு. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை இதில்.

64 செயலிக்கு எங்கே போவது என்றால், திருச்சி என்ஐடியில் 2022இல் பரம் பொருள் என்ற மீக்கணினி வைத்தார்கள், வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். பெயரே ஒரு ஆறுதல். வழிகாட்டி மூலம் கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 6, பின்குறிப்பு

"இதையே சுனாமிக்குப் போடலாமா?" போடலாகாது. இங்கே எல்லாம் ஒரே அலைவெண்ணில் நிலையாக ஆடும் கடல். 2004 டிசம்பர் 26 காலை குளச்சலுக்கு வந்தது, வந்து அடித்துவிட்டுப் போன அலை. அதற்கு நேரத்தோடு நகரும் ஆழமற்ற நீர்ச் சமன்பாடு. வேறு கருவி, வேறு இழை. அந்தக் காலையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 20

அனுப்பிய படம் பார்த்தேன். அழகாக இருக்கிறது. சித்தப்பாவிடமும் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள இவ்வளவு ஆட்டம் கிடையாது. இப்படி ஆடினா வள்ளம் ஒண்ணோடொண்ணு இடிச்சு நொறுங்கிரும்" என்றார்.

உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். அலைத்தடுப்புச் சுவர் முழுக்கச் சரிவு பூச்சியம் என்று போட்டிருக்கிறீர்கள், அதாவது நட்டுக்குத்தான சிமெண்ட் சுவர். அங்கே கிடப்பது கல்லும் நாலுகால் டெட்ராபாடும். கல் சரிவில் வரும் அலையில் சுமார் 0.3 முதல் 0.6 பங்குதான் திரும்பும், மிச்சம் கல்லுக்குள் நொறுங்கிப் போகும். மணல் கரையில் 0.2க்கும் கீழே.

இதை எழுதும் விதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெட்டுக்கோட்டில் போட்ட அதே நிபந்தனைதான். ஒன்றிலிருந்து திரும்பும் பங்கைக் கழியுங்கள், ஒன்றோடு அதைக் கூட்டியதால் வகுங்கள், வந்ததை அந்த உறுப்பின் முன்னால் பெருக்குங்கள். பங்கு பூச்சியம் என்றால் முழு மணல், ஒன்று என்றால் உறுப்பே காணாமல் போய் முழுச் சுவர். 0.4 என்றால் 0.43. ஜூன் 8 அன்று சித்தப்பா சொன்னதை வெட்டுக்கோட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன், அவர் சொன்னது கல்லைப் பற்றி! எனக்கும் இன்றுதான் உறைத்தது.

ஜூலை 21

0.3, 0.4, 0.5, 0.6 நான்குக்கும் ஓட்டுங்கள், நேரடித் தீர்ப்பானில் சட்டென்று முடியும். நான்கு படத்தையும் அச்செடுத்து வாருங்கள், போன் திரையில் அவருக்குக் கண் பிடிக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் 31ஆம் தேதி முடிகிறது, அதற்குள் வந்தால் விசைப்படகு ஓடாமல் துறைமுகம் அமைதியாக இருக்கும். முனைப் பக்கம் எந்த இடத்தில் அலை கூடும் என்று அவர் கையால் காட்டுவார். பேனா சிவப்பு வேண்டுமாம்.